வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்கு எந்த ஆயில்? டெல்டாப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் தொடங்கி தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வரை பழைய ஹோண்டா விடெக், போலோ ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ், ஐ20 என் லைன் மாதிரி வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆயில் மாற்றும் நேரம் வந்தால் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறோம். புதிதாகப் படிப்பவர்கள் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

அண்ணே, டின்னுல 5டபிள்யூ-30ன்னு போட்டிருக்கே, அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?

டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிர்கால எண். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரி குளிரிலும் எஞ்சினைச் சுற்றவிடும் அளவுக்கு ஆயில் இளக்கமாக இருக்கும் என்று சோதித்திருக்கிறார்கள். 10டபிள்யூவுக்கு அது மைனஸ் 25, 15டபிள்யூவுக்கு மைனஸ் 20. மார்கழி விடியற்காலையில்கூட நம் ஊரில் அதன் பக்கம் போவதில்லை. அதனால் வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலைக்காக முதல் எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை.

நமக்கு முக்கியம் இரண்டாவது எண். ஆயில் 100 டிகிரி சூட்டில் இருக்கும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது. கெட்டித்தன்மையை அளக்கும் சென்டிஸ்டோக்ஸ் கணக்கில் 30 என்றால் 9.3 முதல் 12.5க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள். முதல் எண் சின்னதாக இருப்பதிலும் ஒரு நன்மை உண்டு. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஆயில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் வரை சற்று சீக்கிரம் போய்ச் சேரும்.

எஞ்சின் எல்லாம் எஞ்சின்தானே? அதிக ஆர்பிஎம் போற வண்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பார்க்கணும்?

ஆர்பிஎம் என்பது எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வருகிறது. அப்படித் திருப்பி இழுக்கும் விசை, பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் மேல் விழுகிறது. அந்த விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு ஏறும். 6000த்திலிருந்து 8000 போனால் சுற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, விசையோ ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிவிடுகிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே அப்போது இருப்பது சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலம் மட்டும்தான்.

பிஸ்டன் வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹோண்டா எஸ்2000 காரின் முதல் எஞ்சினில் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு தடவை நகரும் தூரம், 84 மில்லிமீட்டர். ரெட்லைன், அதாவது தாண்டக் கூடாத உச்ச ஆர்பிஎம், 9000. சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 25 மீட்டருக்கு மேல் வருகிறது. நம் சாலையில் ஓடும் 1.5 ஐ-விடெக் சிட்டியில் ஸ்ட்ரோக் 89.4, முழு சக்தி 6600 ஆர்பிஎம்மில் வருகிறது. அதுவே நொடிக்கு 19.7 மீட்டர். இதோடு கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்குகிறது. வால்வுகள் திறக்கும் அளவை மாற்றும் ஹோண்டாவின் விடெக், கேம் டைமிங் மாற்றும் அமைப்பு இரண்டும் ஆயில் அழுத்தத்தால் இயங்குபவை. ஆயில் நுரைத்தாலும், கசடு போய், அந்த ஆயிலைத் திறந்துவிடும் சோலினாய்டு வால்வின் வலையை அடைத்தாலும் மேல் ஆர்பிஎம்மில் வண்டி இழுக்காது.

கடையில நிக்கும்போது லேபிள்ல எதைத்தான் பார்க்கணும்?

வண்டியின் கையேட்டில் உள்ள 5டபிள்யூ-30 மாதிரியான கிரேடும் அங்கீகார எண்ணும்தான் முதலில். ஃபோக்ஸ்வாகனின் பழைய டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின் என்றால் 502 00, போர்ஷே என்றால் ஏ40 என்ற மாதிரி கார் கம்பெனியே சோதித்துக் கொடுக்கும் எண்கள் உண்டு. அங்கீகாரம் பெற்றது என்று போட்டிருப்பதும், தேவைகளுக்கு ஏற்றது என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது.

அடுத்து, அமெரிக்க பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் தரம். 2020ல் வந்த எஸ்பி அல்லது அதற்குப் பிந்தையது நல்லது. ஐரோப்பிய வண்டிக்கு, அங்குள்ள கார் உற்பத்தியாளர் சங்கமான ஏசிஇஏவின் ஏ3/பி4 அல்லது சி3 கேட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

லேபிளில் இல்லாத, ஆனால் இந்த வண்டிகளுக்கு மிகவும் தேவையான ஓர் எண் உண்டு: எச்டிஎச்எஸ். ஆயிலை 150 டிகிரிக்குச் சூடாக்கி, பேரிங்குக்குள் நடப்பதுபோல் கடுமையாகத் தேய்த்து, அப்போதும் எவ்வளவு கெட்டி மிச்சமிருக்கிறது என்று அளப்பது. 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30 கிரேடுக்கு 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5, 50க்கும் 60க்கும் 3.7. ஏ3/பி4 தரத்துக்கு 3.5க்குக் குறையவே கூடாது. அதனால்தான் ஒரே 5டபிள்யூ-30 என்று எழுதிய இரண்டு டின்களில் ஒன்று 3.0 ஆகவும் மற்றது 3.5 ஆகவும் இருக்கும். அந்தந்த கம்பெனி வெளியிடும் தயாரிப்புத் தகவல் தாளில் இந்த எண் இருக்கும். இல்லையென்றால் அந்த ஆயிலை ரெட்லைன் தொடும் எஞ்சினுக்கு எடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஃபுல்லி சிந்தெட்டிக்னா எல்லாமே ஒண்ணுதானே சார்?

இல்லை. கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் குரூப் 3, வேதிமுறையில் கட்டப்படும் பிஏஓ, எஸ்டர் இவை எல்லாமே அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. குரூப் 3 மட்டமானது என்று நினைக்க வேண்டாம். நல்ல அங்கீகாரம் பெற்ற பல ஆயில்கள் அதில்தான் செய்யப்படுகின்றன. சிந்தெட்டிக் என்ற சொல்லைவிட, முந்தைய பதிலில் சொன்ன அங்கீகார எண்ணும் எச்டிஎச்எஸ்ஸும் நம்பகமானவை.

மினரல் ஆயில் மட்டும் வேண்டாம். 130 டிகிரியைத் தாண்டும் ஆயில் சூட்டில் அது சீக்கிரம் ஆக்சிகரணமாகிக் கசடாகிவிடும்.

நம்ம ஊர் கத்திரி வெயிலுக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 தானே தாங்கும்?

இந்த ஒரு நம்பிக்கைதான் நல்ல எஞ்சின்களை அதிகம் கெடுக்கிறது. வெளியே 40 டிகிரி அடித்தாலும், தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சரியாக இருந்தால் கூலன்ட் 90 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆயில் சூடு ஏறுவதற்கு முக்கியக் காரணம் ஆர்பிஎம்மும் சுமையும். மே மாதம் தஞ்சாவூர் டவுனுக்குள் மெதுவாக ஓட்டும் வண்டியின் ஆயிலைவிட, டிசம்பரில் விக்கிரவாண்டி சாலையில் விரட்டி ஓட்டும் வண்டியின் ஆயில் அதிகம் சூடாகும்.

தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் குறுகலான பேரிங் இடைவெளிக்குள் போதுமான அளவு ஓடாது. ஓட்டம் குறைந்தால் பேரிங்கின் சூட்டை வெளியே எடுத்துப் போக ஆளில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் உள்ளே போகும். பம்பின் ரிலீஃப் வால்வும் திறந்துகொள்ளும், மீட்டரில் அழுத்தம் அதிகமாகக் காட்டும், கேம்முக்குப் போவது குறையும். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு.

கையேட்டுல 0டபிள்யூ-20 போட்டிருக்கு. நான் நல்லா விரட்டி ஓட்டுவேன், 30க்கு மாறலாமா?

பெரும்பாலும் மாறலாம், ஆனால் ஒரு படி மட்டும். மெல்லிய ஆயிலைப் பரிந்துரைப்பதற்கு மைலேஜ் விதிகளும் ஒரு காரணம். டொயோட்டா தன் கையேடுகள் பலவற்றில், அதிக வேகத்திலோ கடும் சுமையிலோ ஓட்டினால் கெட்டி கூடிய ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று தானே எழுதுகிறது. உங்கள் கையேட்டில் மாற்று கிரேடுகளின் அட்டவணை இருந்தால் அதற்குள் இருக்கும் மேல் கிரேடை எடுங்கள். 20லிருந்து 30, 30லிருந்து 40, அவ்வளவுதான். வாரன்டி ஓடுகிற வண்டி என்றால் அட்டவணையைத் தாண்டவே வேண்டாம்.

பெரிய ரேஸ் கார்ல 10டபிள்யூ-60 ஊத்துறாங்களாமே, எனக்கும் அதையே போட்டா என்ன?

பிஎம்டபிள்யூவின் ஈ92 எம்3 எஞ்சின் 8400 ஆர்பிஎம் போகும், அதற்குக் கம்பெனி சொல்வது 10டபிள்யூ-60. எஸ்2000 அதைவிட மேலே 9000 போகும், அதற்கு ஹோண்டா சொன்னது 10டபிள்யூ-30. ஆர்பிஎம்மை மட்டும் வைத்து கிரேடை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இந்த இரண்டு வண்டிகளே போதும். பேரிங் இடைவெளி, பம்பின் கொள்ளளவு, ஆயில் கூலர் எல்லாவற்றையும் சேர்த்து எஞ்சினை வரைந்தவர்கள் முடிவு செய்தது அது. அடுத்த வண்டியின் மருந்துச் சீட்டை நம் வண்டிக்கு வாங்கிவர முடியாது.

என் வண்டி டர்போ. அதுக்கு வேற ஆயிலா?

நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள சின்ன டர்போ எஞ்சின்களில், ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது டாப் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே தடவையில் பிஸ்டன் உடைந்த கதைகள் இதனால்தான். ஆயிலில் அழுக்கு நீக்கும் கால்சியம் டிடர்ஜென்ட் அதிகமானால் இந்த ஆபத்து கூடும். இதைச் சோதித்துத் தடுக்க வந்ததே 2018ன் எஸ்என் பிளஸ் தரமும் 2020ன் எஸ்பி தரமும். டர்போவுக்கு எஸ்பிக்குக் கீழே வாங்காதீர்கள்.

விரட்டி ஓட்டி வந்து உடனே சாவியைத் திருப்பவும் கூடாது. டர்போ தண்டுக்குள் நிற்கும் ஆயில் வெந்து கரியாகும். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் நிதானமாக வந்தால் போதும்.

வீட்டுல டிராக்டருக்கு வாங்கின 15டபிள்யூ-40 டின் பாதி இருக்கு. பைக் ஆயிலும் இருக்கு. ஊத்தலாமா?

வேண்டாம். டிராக்டர் டீசல் ஆயிலில் டிடர்ஜென்ட் மிக அதிகம். டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு அது என்ன செய்யும் என்பதை மேலே சொல்லியிருக்கிறோம். அதில் பாஸ்பரஸும் கூடுதலாக இருக்கும், நாளடைவில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். பைக் ஆயில் ஈரமான கிளட்ச் வழுக்காமல் இருக்கச் செய்யப்பட்டது, காருக்குத் தேவையான அங்கீகாரங்கள் அதில் இருக்காது. பம்புசெட்டுக்கு ஊற்றும் ஒற்றை கிரேடு 40 ஆயில் பக்கமே போக வேண்டாம்.

வழியில் ஆயில் அளவு குறைந்துபோய், கடையில் வேறு எதுவும் இல்லையென்றால் மட்டும், ஏதாவது ஒரு பெட்ரோல் கார் ஆயிலை அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேருங்கள். பிராண்ட் மாறினாலும் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும், பிரிந்து நிற்காது. ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தக் காலத்துல ரேஸ் கார்ல விளக்கெண்ணெய் ஊத்துனாங்கன்னு தாத்தா சொல்றாரே, நிஜமா?

நிஜம்தான். ஆமணக்கெண்ணெய் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது, சூட்டிலும் படலம் சட்டென்று அறுந்துவிடாது. பழைய விமான எஞ்சின்களிலும் ரேஸ் எஞ்சின்களிலும் அதை ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. ஆனால் அது சீக்கிரம் பிசினாகிவிடும், ரேஸ் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துக் கழுவ வேண்டியிருக்கும். இன்றைய எஸ்டர் ஆயில்கள் அந்த ஒட்டும் குணத்தை வைத்துக்கொண்டு பிசினை ஒழித்தவை. எண்ணெய்ச் செக்கிலிருந்து நேராகக் காருக்கு ஊற்ற வேண்டாம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும்?

கையேட்டில் பெரும்பாலும் 10,000 அல்லது ஒரு வருடம் என்று இருக்கும். அது சாதாரணமாக ஓட்டுபவர்களுக்கு. அடிக்கடி ரெட்லைன் தொடுபவர்கள் 5000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்தியோ அப்போது ஃபில்டரோடு மாற்றுங்கள். கெட்டித்தன்மையைக் காக்கும் பாலிமர்கள் அதிக ஆர்பிஎம்மில் நறுக்கப்படுகின்றன. 40 ஆக ஊற்றியது 30 ஆக இறங்கிப்போகும்.

இன்னொரு வகை வண்டியும் உண்டு: வாரம் முழுதும் கடைத்தெரு, கோயில், ஸ்கூல் என்று மூன்று கிலோமீட்டருக்குள் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விரட்டப்படும் வண்டி. எஞ்சின் முழுதாகச் சூடாகாததால் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனாலும் சேர்ந்திருப்பதால் இது இன்னும் கவனிக்க வேண்டியது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் அது ஆவியாகி வெளியேறும். ஆயில் கறுத்துப்போவதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம், அழுக்கைத் தன்னுள் பிடித்து வைப்பதும் அதன் வேலைதான்.

நானே வீட்டுல மாத்தினா எப்படிச் செய்யணும்?

முதலில் கையேட்டில் அளவைப் பாருங்கள். ஐ-விடெக் 1.5 சிட்டிக்கு ஃபில்டரோடு 3.6 லிட்டர், சில 2 லிட்டர் டர்போக்களுக்கு ஐந்தரையைத் தாண்டும். பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினை வெதுவெதுப்பாக்கி, சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியோடு ஸ்டாண்டும் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. மேல் மூடியைத் திறந்துவிட்டு ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றி, சொட்டு நிற்கும் வரை, குறைந்தது பதினைந்து நிமிடம் விடுங்கள்.

ட்ரெய்ன் போல்ட்டின் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. ஹோண்டா நான்கு சிலிண்டர்களில் இறுக்கம் சுமார் 40 நியூட்டன் மீட்டர். ஆயில் தேங்கும் அலுமினிய சேம்பரில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், நாங்கள் பார்த்ததில் அதிகம் நடக்கும் கோளாறு அதுதான். புது ஃபில்டரின் ரப்பருக்கு ஆயில் தடவி, ரப்பர் எஞ்சினைத் தொடும் வரை கையால் திருகி, அதன்பின் முக்கால் சுற்று. பழைய ஃபில்டரின் ரப்பர் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு ரப்பர் சேர்ந்தால் மொத்த ஆயிலும் சில நிமிடத்தில் ரோட்டில் கொட்டிவிடும்.

சொன்ன அளவில் கால் லிட்டர் குறைத்து ஊற்றி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மேல் கோடு வரை நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிராங்க் ஆயிலில் அடித்து, முன்பு சொன்ன நுரைப் பிரச்சினையை நாமே உண்டாக்கியதாகும்.

ஆயில் குறைஞ்சுக்கிட்டே வருது. எஞ்சின் போச்சா?

அவசரப்பட வேண்டாம். அதிக ஆர்பிஎம் போகும் எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். மேலே விரட்டிவிட்டு ஆக்சிலரேட்டரை முழுதாக விடும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடம் ஆயிலை இழுக்கிறது. டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும். 1000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்து மேல் பாதியிலேயே வைத்திருங்கள். கீழ்க்கோட்டில் இருக்கும் வண்டியை வேகமாக வளைவில் திருப்பினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சிவிடும்.

குறைவது திடீரென்று கூடினால் முதலில் எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பாருங்கள், விலை குறைவு. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல். சுமையில் தொடர்ந்து வந்தால் ரிங்.

சென்னைப் பக்கம் ட்ராக் டேக்கு போறேன். என்ன மாத்தணும்?

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கோ கோயம்புத்தூர் கரி ரேஸ் ட்ராக்கோ, போவதற்கு முன் புது ஆயில், திரும்பியதும் மறுபடி புது ஆயில். கிரேடில் ஒரு படி ஏற்றம் போதும், எச்டிஎச்எஸ் 3.5க்குக் குறையாமல். ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று பொருத்துவது எந்த விலை உயர்ந்த ஆயிலைவிடவும் பயன் தரும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் சில நிமிடம் பிடிக்கும். 80 டிகிரி வரும்வரை 4000 ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள். 100 முதல் 120 சரியான இடம். 135 தொட்டால் பிட்டுக்குத் திரும்பாமல் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆற்றுங்கள்.

அறுவடைக் காலத்துல ரோடெல்லாம் நெல்லும் வைக்கோலும். ஆயிலுக்கு அதால ஏதாவது?

ஆயிலுக்கு நேராக இல்லை, ஏர் ஃபில்டர் வழியாக உண்டு. நெல் உமியில் சிலிக்கா அதிகம். கதிரடிக்கும் மெஷினிலிருந்து பறக்கும் தூசியும், ரோட்டில் காயும் நெல்லின் சுனையும் ஃபில்டரைத் தாண்டினால் ஆயிலில் கலந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். எண்ணெய் தடவிய ரேஸ் ஃபில்டர்கள் காற்றோடு தூசியையும் சற்றுக் கூடுதலாக விடுபவை. தை, மாசியில் கம்பெனியின் காகித ஃபில்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், அறுவடை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

ஐப்பசி மழையில தண்ணிக்குள்ள வண்டி நின்னுபோச்சு. ஸ்டார்ட் பண்ணலாமா?

பண்ணவே கூடாது. முக்கியமாக, எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழலைப் பம்பருக்குக் கீழே தாழ்வாக மாற்றியவர்கள் அரை அடித் தண்ணீரிலும் மாட்டுவார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்து ஸ்டார்ட்டர் சுற்றினால் ராட் வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி, கட்டி இழுத்துவந்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்கைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் உடனே வடித்து, மலிவான அதே கிரேடு ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, பத்து நிமிடம் ஆக்சிலரேட்டர் தொடாமல் ஓட்டி, மறுபடி வடியுங்கள். நிறம் தெளியும் வரை இப்படித்தான். மேல் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை, டிப்ஸ்டிக் சுத்தம் என்றால் அது குறைந்த தூரம் ஓட்டியதால் வந்த ஈரம். மழையே இல்லாமல் டிப்ஸ்டிக்கிலும் வெண்மை, கூலன்ட்டும் குறைகிறது என்றால் எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயிலோட சேர்த்து ஊத்துற அடிட்டிவ் பாட்டில்?

வேண்டாம். நல்ல ஆயிலில் எல்லாம் அளவோடு கலந்துதான் வருகிறது. மேலே ஒன்றைச் சேர்த்தால் அந்த அளவு கெடும், அங்கீகாரமும் செல்லாது.

டூப்ளிகேட் ஆயிலை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நிறத்தையோ வாசனையையோ வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மூடியின் வளையமும் உள்சீலும் உடையாமல் இருக்கிறதா, டின்னில் அச்சான பேட்ச் எண்ணும் தேதியும் தெளிவாக இருக்கிறதா, கியூஆர் இருந்தால் அது கம்பெனியின் பக்கத்துக்கே போகிறதா என்று பாருங்கள். கம்பெனியின் விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். வழக்கமான விலையைவிட மிகவும் குறைத்துக் கொடுத்தால் அதுவே எச்சரிக்கை. காலி டின்னை அப்படியே பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். மூடியை வெட்டி, டின்னில் நாலு ஓட்டை போட்டுக் கொடுங்கள், போலி ஆயில் மறுபடி நிரம்புவது அந்த டின்களில்தான்.

வடிச்ச பழைய ஆயிலை என்ன பண்றது? கொட்டகை மூங்கிலுக்குப் பூசலாமா?

கரையானுக்குப் பூசும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, விட்டுவிடுங்கள். வடித்த ஆயிலில் உலோகத் துகளும் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் இருக்கின்றன, மழையில் கரைந்து மண்ணுக்குத்தான் போகும். வாய்க்காலில் கொட்டுவது அதைவிட மோசம். நீரின் மேல் படலமாகப் பரவி, மடை வழியாக வயலுக்குள் போய்விடும். மாற்றும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

2016ன் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடங்கும். அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களுக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். புது ஆயில் வந்த டின்னிலேயே நிரப்பி வைக்கலாம், அந்த டின்னை மட்டும் வெட்டாமல் மேலே பழைய ஆயில் என்று எழுதி ஒட்டுங்கள். கூலன்ட்டையோ பிரேக் ஆயிலையோ பெட்ரோலையோ அதில் கலக்க வேண்டாம், கலந்தால் வாங்க மாட்டார்கள். ஃபில்டரையும் ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து வடித்து, தனிப் பையில் கட்டி அதோடு சேர்த்துக் கொடுங்கள்.